கிளேர் 1828: ஓட்டுப் போட்டு ஓட்டை இழந்தவர்கள்

அவையோருக்கு வணக்கம். 1828 ஜூலையில் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் நடந்த ஓர் இடைத்தேர்தலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஜெயித்தவரை எல்லோருக்கும் தெரியும்: கத்தோலிக்கரின் உரிமைக்காகப் போராடிய கத்தோலிக்க வழக்கறிஞர் டேனியல் ஓ'கானல். எனக்கு அவரைவிட அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள்மேல்தான் அக்கறை.

முதலில் தேர்தல் ஏன் வந்தது என்று பார்ப்போம். கிளேரின் நாடாளுமன்ற உறுப்பினர் வெசி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு பிரிட்டிஷ் பிரதமர் வெலிங்டன் மந்திரி பதவி கொடுத்தார். அந்தக் காலத்தில் மந்திரியானால் தொகுதிக்குத் திரும்பிப் போய் மறுபடி ஜெயித்து வர வேண்டும். ஃபிட்ஸ்ஜெரால்டு கெட்டவரும் இல்லை. கத்தோலிக்கருக்கு உரிமை தர வேண்டும் என்று பேசிய புராட்டஸ்டன்ட் அவர். அவரையே எதிர்த்து நின்றார் ஓ'கானல்.

கத்தோலிக்கர் எப்படி நிற்க முடிந்தது? இதில்தான் சட்டத்தின் வேடிக்கை இருக்கிறது. நிற்பதற்குத் தடை இல்லை, ஜெயிப்பதற்கும் இல்லை. சபைக்குள் உட்காருவதற்கு முன் ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். அதில் கத்தோலிக்கப் பூசையை மூடநம்பிக்கை, விக்கிரக ஆராதனை என்று சொல்ல வேண்டும். எந்தக் கத்தோலிக்கர் சொல்வார்? ஆக, வாசல்வரை வரலாம், உள்ளே போக முடியாது. அந்த வாசலிலேயே போய் நின்று அரசைத் திணறடிப்பதுதான் திட்டம்.

சரி, ஓட்டு யாருக்கு இருந்தது? ஆயுள் குத்தகையில் நிலம் வைத்திருந்து, வாடகை போக ஆண்டுக்கு 40 ஷில்லிங், அதாவது 2 பவுண்டு பெறுமானம் இருந்தால் ஓட்டு உண்டு. 1793-இல் கத்தோலிக்கருக்கும் இந்த உரிமை திரும்பக் கிடைத்தது. உடனே பண்ணையார்கள் இப்படிப்பட்ட சின்னச் சின்னக் குத்தகைகளை நிறைய உண்டாக்கினார்கள். கருணையா? இல்லை, ஓட்டுக்காக. தேர்தல் நாளில் குத்தகைக்காரர்களைக் கூட்டமாக ஓட்டிக்கொண்டு போவார்கள். ரகசிய வாக்கு அப்போது கிடையாது; அது 1872-இல்தான் வந்தது. பண்ணையாரின் ஆள் கேட்கும்படி வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் நிலம் போகும்.

அதே ஆட்கள்தான் வாக்குப்பதிவு நடந்த எனிஸ் நகரத்தில் ஓ'கானலின் பெயரைச் சொன்னார்கள்! பாதிரியார்கள் முன்னால் வர, ஊர் ஊராக நடந்து வந்தார்கள். தேர்தல் என்றால் சாராயம் ஆறாக ஓடும் காலம் அது. இவர்கள் குடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். கலவரம் வரும் என்று படையோடு காத்திருந்தவர்களுக்கு அந்த அமைதிதான் அதிகப் பயத்தைக் கொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். முடிவு: ஓ'கானலுக்கு 2,057, மந்திரிக்கு 982.

லண்டனில் வெலிங்டனும் உள்துறை பார்த்த ராபர்ட் பீலும் கணக்குப் போட்டார்கள். அடுத்த பொதுத்தேர்தலில் அயர்லாந்தின் மற்ற மாவட்டங்களும் இப்படியே செய்தால்? உள்நாட்டுப் போரைவிட சலுகை மேல் என்று இறங்கி வந்தார்கள். அதற்கு பீல் கொடுத்த விலையும் உண்டு: ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுதியை ராஜினாமா செய்து மறுபடி நின்று தோற்றார். 1829 ஏப்ரல் 13 அன்று கத்தோலிக்கருக்கு உரிமை தரும் சட்டத்துக்கு மன்னர் ஒப்புதல் கிடைத்தது. கத்தோலிக்கர் இனி நாடாளுமன்றத்தில் உட்காரலாம்.

அதே நாளில் இன்னொரு சட்டமும் வந்தது, நண்பர்களே. அதைப் பற்றி மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. அயர்லாந்து மாவட்டங்களில் ஓட்டுக்கான தகுதி 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுண்டுக்கு ஏறியது. ஐந்து மடங்கு! இரண்டு லட்சத்துக்கு மேல் இருந்த வாக்காளர்கள் சுமார் 37,000 பேராகச் சுருங்கினார்கள். நிலம் போனாலும் போகட்டும் என்று எனிஸுக்கு நடந்து வந்த மனிதர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஓட்டு போயிற்று. இனி அவர்களைக் குத்தகையில் வைத்திருந்து பண்ணையாருக்கு அரசியல் லாபமும் இல்லை.

ஓ'கானல் என்ன செய்தார்? எதிர்ப்புத் தெரிவித்தார், ஆனால் கிளேரைக் கிளப்பிய அந்த வேகத்தை இதற்குக் காட்டவில்லை. கத்தோலிக்கருக்கு உரிமை, பதிலுக்கு 40 ஷில்லிங்காரர்களின் ஓட்டு என்ற இதே பேரத்துக்கு 1825-லேயே ஒருமுறை சம்மதித்து, கண்டனம் எழுந்த பிறகு பின்வாங்கியவர் அவர். அவரைப் பெரிய தலைவர் என்று நானும் சொல்வேன், இந்தக் கணக்கை மட்டும் அவர் பெயரில் எழுதிவிட்டு.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். புதிய சட்டம் அதற்குப் பிறகு ஜெயிப்பவர்களுக்கே பொருந்தும் என்று வைத்திருந்தார்கள். மே மாதம் சபைக்குப் போன ஓ'கானல் பழைய உறுதிமொழியை எடுக்க மறுத்தார். கிளேரில் மறுதேர்தல் அறிவித்தார்கள். ஜூலையில் போட்டியே இல்லாமல் ஜெயித்தார். ஒருவர்கூட ஓட்டுப் போட வேண்டியிருக்கவில்லை.