அடம்பன் பூவும் மேகமும் ஒரே படத்தில்

(காட்சி: பொத்துவில் மணல்மேடு, காலை 7 மணி. கொடியோடு நகரும் கமரா.)

அடம்பன் பூ காலையில் விரியும், வெயில் ஏற ஏற வாடும். பின்னேரம் போனால் சுருண்ட இதழ்தான் மிஞ்சும். பொத்துவில் மணல்மேடோ கல்லடிக் கடற்கரையோ, சூரியன் எழுந்து ஒரு மணித்தியாலத்துக்குள் கொடியடியில் இருங்கள். கடற்காற்று பலக்க முதல் வேலை முடிய வேண்டும்.

எந்தப் பக்கம் பார்த்து எடுப்பது? இதில் பிழைத்தால் விலை கூடிய லென்ஸும் கைகொடுக்காது. நம் கிழக்குக் கரையில் சூரியன் கடலுக்கு மேலே எழும்புகிறது. கடலைப் பார்த்து எடுத்தால் ஊதா இதழ் ஒளி ஊடுருவி மின்னும், அது அழகுதான். ஆனால் மேகம் வெளுத்துப்போகும். மேற்கே திரும்பினால் உங்கள் நீண்ட நிழல் பூவிலேயே விழும். ஆகவே வடக்கோ தெற்கோ, கரை நீளத்துக்குப் பாருங்கள். பக்க ஒளியில் மணல் வரிகள் எடுப்பாகத் தெரியும், மேகத்துக்குத் திரட்சி வரும். போலரைசர் பில்டரும் (லென்ஸின் முன் மாட்டித் திருப்பும், வானத்தின் பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) சூரியனுக்குச் செங்குத்தான திசையில்தான் வானத்தை அதிகம் கருநீலமாக்கும். 24 மி.மீ.ஐவிட அகலமாகக் காட்டும் (மி.மீ. எண் குறைந்த) லென்ஸென்றால் பில்டரை முழுக்கத் திருப்பாதீர்கள். வானத்தின் நடுவே கருமையான பட்டை விழும்.

(திரையில்: 20 மி.மீ., எப் 11, 1/250, ஐஎஸ்ஓ 800)

புல் பிரேம் கமராவில் (பெரிய சென்சர் கொண்டது) 20 மி.மீ. லென்ஸில் துவாரத்தை எப் 11 வைத்து 1.2 மீற்றரில் போகஸ் செய்தால் 60 சென்ரிமீற்றரிலிருந்து மேகம் வரை தெளிவாக வரும். பூ அதைவிடக் கிட்ட என்றால் பூவுக்கொன்று, மேகத்துக்கொன்று எடுத்து இணைக்க வேண்டும். இடையில் பூ அசைந்தால் இணைப்பு பொருந்தாது. ட்ரைபொட் கமராவின் ஆட்டத்தைத்தான் நிறுத்தும், பூவின் ஆட்டத்தை ஷட்டர் வேகமே நிறுத்தும். ஷட்டர் வேகம் 1/250 செக்கனுக்குக் கீழே இறங்காதீர்கள், அதற்காகத்தான் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன்) 800க்கு ஏற்றியிருக்கிறது.

வெளிச்சத்தை மேகத்துக்கு அளந்து ரோ கோப்பில் (கமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பு) எடுங்கள். நிழலில் கிடக்கும் இலையைப் பிறகு வெளிச்சமாக்கலாம். வெளுத்துப்போன மேகத்தை மீட்க முடியாது.

போனில் எடுப்பவர்கள் போனைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் மணலுக்குக் கிட்ட வரும். திரையில் மேகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள்.

படம் மங்கலாக வந்தால் பெரும்பாலும் லென்ஸில் உப்புப் படலம். முதலில் ஊதி மணலை அகற்றுங்கள், பிறகுதான் ஈரத்துணி. மணலோடு துடைத்தால் கண்ணாடி கீறும். மணல்மேட்டில் லென்ஸ் மாற்றவே வேண்டாம்.

(காட்சி: கொடியின் வேர்கள், மணல்.)

அடம்பன் கொடியும் இராவணன் மீசை என்ற முள்நுனிப் புல்லும்தான் இந்த மணலைக் கட்டிவைத்திருக்கின்றன. ஒரு படத்துக்காகக் கொடியை மிதிக்கவோ பூவைப் பிடுங்கி நல்ல இடத்தில் நடவோ கூடாது. வெறும் மணலில் மட்டும் முழங்கால் ஊன்றுங்கள். இராவணன் மீசையின் நுனி துணியையும் துளைக்கும், தடித்த பாய் ஒன்று கொண்டுபோங்கள்.