செவிடன் காதில் அல்ல இந்தச் சங்கு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் வைத்திருந்த சரக்கில் பாதியை என்னைவிட அழகாகச் சொல்லிவிட்ட விலங்கியல் பேராசிரியர் அம்மையார் அவர்களே, தலைப்பு கடற்படைச் சோனாரும் திமிங்கிலங்களும்தான் என்று தெரிந்தும் மேடையேறச் சம்மதித்த ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி கமாண்டர் ஐயா அவர்களே, அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் நான் வாங்காத பட்டம் ஒன்றைப் போட்டுக் கௌரவித்த செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, எந்நேரமும் எழுந்து போக வசதியாகக் கதவோரம் இடம் பிடித்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

கமாண்டர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நான் கடற்படைக்கு எதிரி அல்லன். ஓசையடக்கி வரும் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க முடியாத கப்பலில் பிள்ளைகளை ஏற்றி அனுப்புங்கள் என்று எந்தப் பெற்றோரிடமும் சொல்ல எனக்கு மனம் வராது. நீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியால் எதிரியைக் கண்டுபிடிக்கும் சோனார் வேண்டும். எங்கே, எப்போது, யார் கண்காணிப்பில் என்பதுதான் என் வழக்கு. ஐயா தலையசைக்கிறார், அதை நான் ஒப்புதலாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சற்று முன்பு இந்த ஒலிபெருக்கி கீச்சிட்டது. இரண்டு விநாடிகூட இருக்காது. அரங்கம் முழுவதும் காதைப் பொத்திக்கொண்டது. முன்வரிசையில் ஒரு குழந்தை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. திமிங்கிலத்துக்குப் பொத்திக்கொள்ளக் கையும் இல்லை, பொத்துவதற்கு வெளிக்காதும் இல்லை. அதற்கு உள்ள ஒரே வழி, அந்த இடத்தைவிட்டு ஓடுவது.

இன்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, சோனார் என்ன செய்கிறது. இரண்டு, அதைக் கேட்ட திமிங்கிலம் என்ன செய்கிறது. மூன்று, நாள் முழுவதும் ஓயாத வணிகக் கப்பல்களின் இரைச்சல். இவற்றுக்கு முன்னால் என் பழமொழி. என்னை அறிந்தவர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு! உறைக்காதவனுக்கு உரைத்த வீண்பேச்சை அப்படிச் சொல்கிறோம். இங்கே கதை தலைகீழ். உலகத்திலேயே கூர்மையான காதுகளில் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதன் பக்கத்தில் நின்று சங்கு ஊதிக்கொண்டிருக்கிறோம்.

கடலுக்குள் இருநூறு மீட்டர் இறங்கினாலே வெளிச்சம் மங்கிவிடும். ஒலி அப்படியல்ல. காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிற ஒலி, கடல்நீரில் 1,500 மீட்டர் போகிறது. ஆகவே திமிங்கிலம் காதால்தான் வாழ்கிறது. இரை, துணை, குட்டி, பகை எல்லாமே அதற்கு ஒலி. முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காகப் பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்செவின் குவார்ட்ஸ் படிகத்தை அதிரவைத்து எதிரொலியைப் பிடித்தார். அந்த வித்தையின் வழித்தோன்றல்தான் இன்றைய போர்க்கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் சோனார். இவற்றில் அதிகம் வழக்குக்கு வருவது 1,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரையிலான நடுத்தர அதிர்வெண் வகை. அமெரிக்கப் போர்க்கப்பல்களின் சோனார் ஒன்றின் மூல அளவு, அதாவது ஒலி புறப்படும் இடத்துக்குக் கணக்கிடும் அளவு, சுமார் 235 டெசிபெல்.

இங்கே என் சொந்த அணியினரைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டும். இந்த 235ஐ எடுத்து ராக்கெட் ஏவும் சத்தத்தோடு ஒப்பிட்டுத் துண்டறிக்கை அடிக்கிறார்கள். தப்பு. நீரில் டெசிபெல் கணக்கிடும் அடிப்படை வேறு. காற்றோடு ஒப்பிடுவதானால் ஏறத்தாழ 62ஐக் கழிக்க வேண்டும். கழித்த பிறகும் மிச்சம் இருப்பது போதுமான கொடுமை. அதை ஊதிப் பெருக்கினால் கமாண்டர் ஐயா போன்றவர்கள் நம்மை ஒரே வரியில் மடக்கிவிடுவார்கள், மடக்கவும் வேண்டும்.

நம் பழம்பாடல்களில் அசுணம் என்று ஓர் உயிர் வருகிறது. யாழிசைக்கு மயங்கி வெளியே வரும். உடனே பறையை முழக்கினால் உயிரை விட்டுவிடும். வேட்டையாடுகிறவன் முதலில் யாழ் வாசிப்பானாம், பிறகு பறை அடிப்பானாம். அசுணம் உண்மையில் இருந்ததா என்று புலவர்கள் வாதாடட்டும். ஒலியாலேயே ஓர் உயிரைக் கொல்ல முடியும் என்று கற்பனை செய்தவன் தமிழன் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

இனி இரண்டாவது செய்தி. இதை நான் வகுப்பறைப் பாடமாகச் சொல்லப் போவதில்லை, ஒரு மனிதரின் கதையாகச் சொல்கிறேன்.

கென் பால்கோம்ப் என்று ஓர் அமெரிக்கர். 2022இல் காலமானார். இளமையில் கடற்படையில் இருந்தவர். என்ன வேலை தெரியுமா? கடலடியில் பதித்த ஒலிவாங்கிகள் வழியாகச் சோவியத் நீர்மூழ்கிகளின் ஓசையைக் கேட்கும் வேலை. காதை வைத்தே சம்பளம் வாங்கிய மனிதர்! பிற்காலத்தில் பஹாமாஸ் நாட்டின் அபாக்கோ தீவில் கடற்கரையோரம் வீடு எடுத்து, பறவை அலகு போல வாய் நீண்ட அலகுத் திமிங்கிலங்களைப் புகைப்படம் எடுத்து ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டிருந்தார். அது சாமானிய வேலை அல்ல. கூவியர் அலகுத் திமிங்கிலம் என்ற இனம் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை போகும். அதன் ஒரு முழுகல் 3 மணி 42 நிமிடம் நீடித்ததாகப் பதிவு உண்டு. மேலே வந்தால் சில நிமிடங்கள் மூச்சு, மறுபடி காணாமல் போய்விடும். படகில் நாள் கணக்காகக் காத்துக் கிடந்து, முதுகு தெரிந்ததும் கேமராவைத் தூக்க வேண்டும். தூக்குவதற்குள் போய்விடும்.

அப்படி ஒளிந்து வாழும் உயிர், 2000ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி காலையில் அவர் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. முழங்கால் அளவு தண்ணீரில். நினைத்துப் பாருங்கள். எந்த உயிரைத் தேடி அவர் ஆண்டுக்கணக்காகக் கடலில் அலைந்தாரோ, அது அவரைத் தேடி வந்திருக்கிறது! வேறு ஒருவராக இருந்தால் புகைப்படம் எடுத்து மகிழ்ந்திருப்பார். இவருக்கு வயிற்றைக் கலக்கியது. உடன் இருந்தவர்களோடு தண்ணீரில் இறங்கி அதை ஆழத்தை நோக்கித் திருப்பிவிட முயன்றார். அதற்குள் அடுத்த கரையிலிருந்து செய்தி வருகிறது, அங்கே ஒன்று. இன்னொரு தீவு, அங்கே ஒன்று. மறுநாளுக்குள் மொத்தம் 17 கடல் பாலூட்டிகள், பெரும்பாலும் அலகுத் திமிங்கிலங்கள். ஏழு இறந்தன.

அழுதுகொண்டு உட்காரவில்லை அந்த மனிதர். இறந்தவற்றின் தலைகளை வெட்டி உறைபெட்டியில் வைத்தார். கேட்கக் கூசுகிறதா? பிள்ளைகளே, காதுகளை மூடிக்கொள்ள வேண்டாம், இது முக்கியம். வெயிலில் ஒரே நாள் கிடந்தால் காதுக்குள் இருக்கும் சான்று அழுகிவிடும். உறையவைத்ததால்தான் சி.டி. ஸ்கேனில் பார்க்க முடிந்தது: காதுகளைச் சுற்றி இரத்தக் கசிவு. அந்த நாட்களில் தீவுகளுக்கு இடையிலான ஆழ்கால்வாயில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சோனாரோடு பயிற்சி செய்திருந்தன. 2001 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையும் அந்த நாட்டின் மீன்வளத் துறையும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, நடுத்தர அதிர்வெண் சோனாரே இதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று ஒப்புக்கொண்டது. ஒருகாலத்தில் கடற்படைக்காகக் கேட்ட காது, கடைசியில் கடற்படையையே கேட்கவைத்துவிட்டது. செவிடன் காதில் ஊதிய சங்கு ஒருமுறை பலித்தது ஐயா!

ஏன் கரைக்கு வருகின்றன? 2002 செப்டம்பரில் ஸ்பெயினின் கானரித் தீவுகளில் பன்னாட்டுக் கடற்படைப் பயிற்சி. சோனார் ஒலிக்கத் தொடங்கிச் சுமார் நான்கு மணி நேரத்தில் அலகுத் திமிங்கிலங்கள் ஒதுங்கத் தொடங்கின, மொத்தம் 14. அறுத்துப் பார்த்தபோது உறுப்புகளில் வாயுக் குமிழ்கள் இருந்தன. ஆழத்திலிருந்து அவசரமாக மேலேறும் முக்குளிப்பவருக்கு வருகிற அதே நோயின் சாயல். திமிங்கிலத்தையே வேட்டையாடும் ஓர்கா வருவதாகப் பயந்து, இயல்பான முழுகல் முறையைக் குலைத்துக்கொண்டு ஓடுகின்றன என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எல்லாத் திமிங்கிலமும் இப்படிச் சாவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹவாய் அருகே கூன்முதுகுத் திமிங்கிலங்கள் தாழ்ந்த அதிர்வெண் சோனார் கேட்கும்போது பாட்டைச் சராசரி 29 விழுக்காடு நீட்டின. கலிபோர்னியக் கரைக்கு அப்பால் செய்த சோதனைகளில், மேற்பரப்பில் மேய்ந்த நீலத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. ஆழத்தில் மேய்ந்தவை சாப்பாட்டை விட்டுவிட்டு நகர்ந்தன. 2013இல் வந்த முடிவு அது. ஒருவேளைச் சாப்பாடுதானே என்று நினைக்காதீர்கள். அத்தனை பெரிய உடம்புக்கு ஒருவேளை என்பது டன் கணக்கு.

இப்போது நான் எப்போதும் வந்து நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். பேராசிரியர் அம்மையார் புன்னகைக்கிறார், அவருக்குத் தெரியும். பதிவேட்டைத் திற! என் கட்சி, என் கொடி, என் கோரிக்கை எல்லாம் இந்த இரண்டு சொல்தான்.

பஹாமாஸில் உண்மை தெரியவந்தது ஏன்? எந்தக் கப்பல் எங்கே எப்போது சோனாரை ஒலித்தது என்ற விவரம் மேசைக்கு வந்ததால். மற்றக் கடற்கரைகளில் திமிங்கிலம் ஒதுங்கினால் ஆய்வாளர் கையில் உடல் இருக்கிறது, கப்பலின் நேரக்குறிப்பு இல்லை. இரகசியம் என்று பூட்டிவிடுகிறார்கள். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை மாசு என்பதில் ஆற்றலையும் சேர்த்திருக்கிறது. ஒலி ஓர் ஆற்றல்தானே என்று நாம் துள்ளிக் குதிப்பதற்குள் 236ஆம் பிரிவு போர்க்கப்பல்களுக்கு விலக்கு அளித்துவிடுகிறது. முடிந்த அளவு பொருந்தி நடக்கட்டும் என்று ஒரு வேண்டுகோள் மட்டும் மிச்சம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் கடற்படைப் பயிற்சியின் பக்கமே சாய்ந்தது. இந்தச் செவிகளில் எத்தனை சங்கு ஊதுவது?

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஸ்பெயின் 2004இல் கானரித் தீவுகளைச் சுற்றி 50 கடல் மைலுக்குள் சோனாருக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகு அங்கே கூட்டமாக ஒதுங்கிய நிகழ்வு ஒன்றுகூட இல்லை என்று 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நான் அவ்வளவுகூடக் கேட்கவில்லை. கருவியின் நுட்பம் வேண்டாம், நீர்மூழ்கியின் வழி வேண்டாம். பயிற்சி முடிந்து ஓராண்டு கழித்தாவது, இந்தத் தேதியில், இந்தக் கடற்பகுதியில், இத்தனை மணி நேரம் ஒலித்தோம் என்று ஒரே ஒரு தாள். அதை ஒதுங்கிய உடல்களின் கணக்கோடு பொருத்திப் பார்க்கும் வேலையை ஆய்வாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தலைவர் மணி அடித்துவிட்டார். வணிகக் கப்பல்களின் இரைச்சலைப் பற்றிச் சொல்ல வந்தது அப்படியே மடிப்புக் கலையாமல் சட்டைப்பையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அழைத்தால் அதோடு தொடங்குகிறேன். வெளியே வாசலருகே மேசையில் கோரிக்கை மனு இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். எல்லோரும் இரண்டாவது வரியிலிருந்து கையெழுத்திடுங்கள். முதல் வரியைக் கமாண்டர் ஐயாவுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.