பறவைகள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கழிமுகத்தை அடைக்கப் போகிறார்கள், சேற்றுவெளியைத் தூர்த்து நிலமாக்கப் போகிறார்கள் என்றால் யாராவது ஒருவர் எழுந்து பறவைகளைப் பற்றிக் கேட்பார். உடனே பதில் வரும்: "அதற்குச் சிறகு இருக்கிறது, வேறு இடம் பார்த்துக்கொள்ளும்." எந்த நாட்டில் கேட்டாலும் பதில் இதுதான். கேட்கிறவரும் அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிடுவார். இந்தப் பதில் சரியா தவறா என்று பறவைகளைத் தலை எண்ணிச் சரிபார்த்த இடம் ஒன்று இருக்கிறது. தென்கொரியாவின் மேற்குக் கரையில் உள்ள சேமங்கும். இன்று அந்த ஓர் இடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மங்யோங், தொங்ஜின் என்று இரண்டு ஆறுகள் அங்கே மஞ்சள் கடலில் சேர்கின்றன. அந்தக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாட்களில் ஆறு மீட்டரையும் தாண்டும். நீர் வற்றும்போது கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சேறு. பார்க்கிறவருக்கு அது வெறும் சேறு. ஆனால் ஆறு கொண்டுவரும் வண்டலும் கடல் கொண்டுவரும் உப்பும் நாளுக்கு இரண்டு முறை அங்கே கலக்கின்றன. மேற்பரப்பில் நுண்பாசி படர்கிறது. அதைத் தின்னப் புழுக்கள், நண்டுகள், மட்டிகள். உள்ளூர்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சேற்றைக் கீறி மட்டி எடுத்துக் குடும்பம் நடத்தினார்கள். முதல் போட வேண்டாம், படகு வேண்டாம், யாரிடமும் கைகட்டி நிற்கவும் வேண்டாம்.

அதே மட்டிக்காக வந்த இன்னொரு கூட்டம்தான் பெரிய உள்ளான். ஆங்கிலத்தில் கிரேட் நாட் என்பார்கள். கோடையில் சைபீரியாவின் வடகிழக்கில் முட்டையிடும். குளிர்காலத்துக்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரைக்குப் போகும். வசந்தத்தில் திரும்பும்போது ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பறந்து மஞ்சள் கடல் கரையில் இறங்கும். இறங்கும்போது உடம்பில் எலும்பும் தோலும்தான் மிச்சம். சில வாரங்கள் மட்டியை ஓட்டோடு விழுங்கி, இரைப்பையிலேயே நொறுக்கிச் செரித்து, கொழுப்பேற்றிக்கொண்டு வடக்கே கிளம்பும். கொழுப்பு ஏறாவிட்டால் போய்ச் சேர முடியாது. சேர்ந்தாலும் முட்டையிடத் தெம்பிருக்காது.

இந்தப் பறவைகளின் பலம் நம்மை ஏமாற்றிவிடுகிறது என்று நினைக்கிறேன். இவற்றின் உறவான பட்டைவால் மூக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு குஞ்சு அலாஸ்காவில் கிளம்பி டாஸ்மேனியாவில் இறங்கியது. 13,560 கிலோமீட்டர், 11 நாள், நடுவில் ஓரிடத்திலும் இறங்கவில்லை. இப்படிப் பறக்கிற பறவைக்குப் பக்கத்துக் கரைக்குப் போக என்ன கஷ்டம் என்றுதானே தோன்றும்? ஆனால் இந்தப் பயணம் துல்லியமான கணக்கில் நடக்கிறது. கிளம்பும் முன் மூக்கன் தன் குடலையும் இரைப்பையையும்கூடச் சுருக்கி எடையைக் குறைத்துக்கொள்கிறது. அவ்வளவு இழுத்துப்பிடித்து வாழும் உயிருக்கு, இறங்குமிடத்தில் தீனி இல்லையென்றால் தேடி அலையக் கையிருப்பு கிடையாது.

சரி, சேமங்குமுக்கு வருவோம். 1987இல் அதிபர் தேர்தல் வாக்குறுதியாக வந்தது இந்தத் திட்டம். கழிமுகத்தின் வாயைக் கடற்சுவரால் அடைத்து, உள்ளே நெல்வயல் ஆக்குவது. 1991இல் வேலை தொடங்கியது. எதிர்ப்பும் வளர்ந்தது. 2003இல் புத்தத் துறவி சுக்யோங், கத்தோலிக்கப் பாதிரியார் மூன் க்யூ-ஹ்யோன் உட்பட நான்கு மதத்தவர் ஒன்றாகக் கிளம்பினார்கள். மூன்றடி நடப்பார்கள், மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி ஒரு முறை வணங்குவார்கள், மறுபடி மூன்றடி. இப்படியே சேற்றுக்கரையிலிருந்து சியோல்வரை 300 கிலோமீட்டருக்கும் மேல், 65 நாள். புழுவுக்கும் மட்டிக்கும் மன்னிப்புக் கேட்டு நடந்த பயணம் அது. அப்படி ஒரு போராட்டத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

நீதிமன்றங்கள் நிறுத்தின, அனுமதித்தன, கடைசியில் 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பச்சைக்கொடி காட்டியது. ஏப்ரலில் கடைசி இடைவெளியும் அடைபட்டது. சுவரின் நீளம் 33.9 கிலோமீட்டர். அடைபட்ட பரப்பு சுமார் 400 சதுர கிலோமீட்டர்.

அதன் பிறகு நடந்ததைப் பதிவு செய்ய ஆட்கள் தயாராக இருந்தார்கள். பேர்ட்ஸ் கொரியா அமைப்பும் ஆஸ்திரேலிய கரைப்பறவை ஆய்வாளர்களும் 2006 முதல் 2008 வரை ஒவ்வொரு வசந்தத்திலும் சேமங்குமிலும் பக்கத்துக் கழிமுகங்களிலும் எண்ணினார்கள். சேமங்குமில் பெரிய உள்ளானின் எண்ணிக்கை பல்லாயிரக்கணக்கில் சரிந்தது. பக்கத்துக் கழிமுகங்களில் அந்த அளவுக்குக் கூடவில்லை. அப்படியானால் அவை எங்கே? ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில், அவை குளிர்காலம் கழிக்கும் இடத்தில் எண்ணிப் பார்த்தபோது அங்கேயும் குறைந்திருந்தது. வேறு இடம் பார்த்துக்கொள்ளவில்லை. செத்துப்போயின. 2015இல் பெரிய உள்ளான் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

ஏன் பக்கத்துக் கரை போதவில்லை? அங்கேயும் ஏற்கெனவே பறவைகள் நிரம்பியிருந்தன. ஒரு சேற்றுவெளி இத்தனை வாய்க்குத்தான் சோறு போடும். தவிர, மஞ்சள் கடலைச் சுற்றியிருந்த சேற்றுவெளியில் ஐம்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குவரை போய்விட்டது. ஒவ்வொரு திட்டக்காரரும் 'பக்கத்து இடம்' என்று காட்டிய இடத்தை இன்னொரு திட்டம் விழுங்கிக்கொண்டிருந்தது.

சுவருக்கு உள்ளே நடந்ததும் குறைந்ததல்ல. ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, நின்றுபோன சேறு காய்ந்து வெடித்தது. ஓடு திறந்து செத்த மட்டிகள் வெளியெங்கும் கிடந்தன. ஏரியாகிவிட்ட நீரில் 2011 குளிர்காலத்தில் பனிக்கட்டி மூடியபோது, முதுகுத்துடுப்பு இல்லாத சிறு கடற்பன்றிகள் மூச்செடுக்க மேலே வர முடியாமல் 200க்கும் மேல் இறந்தன. மட்டி எடுத்த பெண்களுக்கு ஒருமுறை இழப்பீடு கொடுத்தார்கள். அவர்களையும் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

நெல்வயல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாட்டில் அரிசி மிதமிஞ்சிப் போனதால் திட்டம் தொழிற்பேட்டையாக, சுற்றுலா நகரமாக மாறிக்கொண்டே வந்தது. 2023 ஆகஸ்டில் தூர்த்த நிலத்தில் உலக சாரணர் பெருவிழா நடத்தினார்கள். நிழலும் வடிகாலும் இல்லாத அந்த இடத்தில் வெயில் தாங்காமல் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் விழுந்தார்கள். கடைசியில் புயலும் வர, எல்லோரையும் வெளியேற்றினார்கள்.

இன்னொன்றும் எனக்குப் பொறுக்கவில்லை. 2021இல் கொரியாவின் சேற்றுவெளிகள் சிலவற்றை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வடக்கே சொச்சோன் இருக்கிறது, தெற்கே கோச்சாங் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் சேமங்கும். பதினைந்து வருடம் பொறுத்திருந்தால் அதுவும் பட்டியலில் வந்திருக்கலாம்.

ஆனால் கதை முடிந்துவிடவில்லை. சுவருக்குள்ளே சூரா என்ற ஒரு மூலை இன்னும் உயிரோடு இருக்கிறது. கருமுகக் கரண்டிவாயன் என்ற அரிய பறவை அங்கே வருகிறது. அந்தச் சேற்றுவெளியின் மேல் விமான நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். பொதுமக்கள் வழக்குப் போட்டார்கள். 2025 செப்டம்பரில் சியோல் நிர்வாக நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. விமானத்தில் பறவை மோதும் ஆபத்தை ஒழுங்காக மதிப்பிடவில்லை என்பது ஒரு காரணம். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

ஓதத்தை உள்ளே விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கொரியாவிலேயே சான்று இருக்கிறது. சியோலுக்குத் தென்மேற்கே சிஹ்வா என்ற ஏரி. 1994இல் இதே போலச் சுவர் கட்டி நன்னீர் ஏரியாக்கப் பார்த்தார்கள். ஆலைக்கழிவு தேங்கி நாற்றமெடுத்தது. நன்னீர்க் கனவைக் கைவிட்டு, கடல்நீரை உள்ளே விட்டார்கள். 2011இல் அந்தச் சுவரிலேயே 254 மெகாவாட் ஓதமின் நிலையமும் வந்தது. நீர் தினமும் உள்ளே வெளியே போய்வர ஆரம்பித்த பிறகு ஏரி தேறியது.

சேமங்கும் சுவரிலும் சின்சி, காரியோக் என்று இரண்டு இடங்களில் மதகுகள் இருக்கின்றன. சில வருடங்களாக அவற்றை முன்பைவிட அதிகமாகத் திறக்கிறார்கள். அது போதாது, கடலும் ஆறும் உண்மையிலேயே கலக்கும் அளவுக்குத் திறக்க வேண்டும் என்று மீனவர்களும் பறவை எண்ணுகிறவர்களும் கேட்கிறார்கள். சிஹ்வாவில் முடிந்தது இங்கே ஏன் முடியாது என்பதற்கு நான் கேள்விப்பட்ட எந்தப் பதிலும் எனக்குத் திருப்தியாக இல்லை.

நன்றி.