கோணேசர் மலை ஏறும்போது ஒரு பழைய கணக்கு

(காட்சி: திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசல், மேயும் புள்ளிமான்கள்)

கோணேசர் கோயிலுக்கு இந்தக் கோட்டைக்குள்ளால்தான் போகவேண்டும். மான் பார்த்தபடி ஏறிவிடுகிறோம், ஆனால் 1968 இல் ஒரு அமைச்சர் பதவியைத் தூக்கிப்போட்டது இந்த இடத்தால்தான். அதற்கு வருமுன் கொஞ்சம் பின்னால் போவோம்.

1956 ஆகஸ்ட். தமிழரசுக் கட்சி திருகோணமலையில் மாநாடு கூட்டுகிறது. சமஷ்டி (கூட்டாட்சி), தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையக மக்களுக்குக் குடியுரிமை, தமிழர் பகுதிகளில் அரச குடியேற்றத்தை நிறுத்துவது என்று நாலு கோரிக்கை, ஒரு வருடக் கெடு, இல்லையென்றால் அகிம்சைப் போராட்டம்.

கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது, 1957 ஜூலை 26 இல், பிரதமர் பண்டாரநாயக்கவும் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா-செல்வா ஒப்பந்தம். அதில் சமஷ்டி இல்லை, பிராந்திய சபைகள்தான். சம அந்தஸ்தும் இல்லை, வடக்கு கிழக்கில் நிர்வாகம் தமிழில் நடக்கும், அவ்வளவுதான். கொள்கையை விட்டுக்கொடுத்தார்கள் என்று அப்போதே திட்டு விழுந்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. குடியேற்றத் திட்டத்தில் காணி யாருக்கு என்று தெரிவுசெய்யும் அதிகாரம் அந்தச் சபைகளுக்கு வந்திருக்கும், கந்தளாய், அல்லை குடியேற்றத் திட்டங்களைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்த இந்த மாவட்டத்துக்கு அன்றைக்கு அதைவிட என்ன வேண்டும்? சமஷ்டி என்ற சொல் இல்லாவிட்டால் போகட்டுமே.

ஆனால் 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் குந்தினார்கள், ஒப்பந்தம் கிழிந்தது.

(காட்சி: மலை உச்சி, கீழே கடல்)

1965 இல் டட்லி சேனநாயக்கவோடு இன்னொரு ஒப்பந்தம், மாவட்ட சபைகள் தருவதாக; அவர் பிரதமரானார். இந்த முறை அரசுக்குள்ளேயே போய்ச் செய்விப்போம் என்றார்கள், மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். கோணேசர் கோயில் சூழலைப் புனிதப் பிரதேசமாக்கலாமா என்று பார்க்க அவர் ஒரு குழு போட்டார். ஒரு பிக்கு எதிர்த்தார், பிரதமர் குழுவையே நிறுத்திவிட்டார், திருச்செல்வம் விலகினார். மாவட்ட சபை யோசனையும் அதே 1968 இலேயே கைவிடப்பட்டது. 1957 இல் விட்டுக்கொடுத்ததற்காவது காணி என்ற விலை இருந்தது, இங்கே அமைச்சர் நாற்காலியில் இருந்தவருக்குத் தான் போட்ட ஒரு குழுவைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை.

சரி, வெறும் கையெழுத்தை நம்பாமல் சட்டமாக வாங்கினால்? 1987 இல் மாகாண சபைகளை உருவாக்கிய 13 ஆம் திருத்தம் வந்தது, அது இன்னும் அரசியலமைப்பில் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையும் இதே ஊரில்தான். அப்புறம், அதன் பதவிக்காலம் 2017 இல் முடிந்தது. அதன்பிறகு தேர்தல் வைக்கவில்லை, ஆளுநர்தான் நடத்துகிறார்.