600 மீட்டர் நடைபாதையில உடற்பயிற்சித் தடம்: எத்தனை நிறுத்தம், எவ்வளவு உயரம்?

அடுத்த கேள்வி. "எங்க பூங்காவுல 600 மீட்டர் சுற்றுப் பாதை இருக்கு. மெஷின் வாங்காம, பலகையைப் பார்த்து அவங்கவங்களே செய்ற மாதிரி உடற்பயிற்சித் தடம் போடணும். சுவிட்சர்லாந்து மாதிரி 15 நிறுத்தம் வைக்கலாமா?"

அந்த 15, சுவிட்சர்லாந்துல 'விட்டா பார்க்கூர்'னு சொல்ற உடற்பயிற்சித் தடத்தோட கணக்குங்க. 1968-ல ஜூரிச்ல ஆரம்பிச்சது, இப்போ அந்த நாட்டுல ஏறக்குறைய 500 இருக்கு. ஆனா அதெல்லாம் பெரும்பாலும் காட்டுக்குள்ள ரெண்டு, மூணு கிலோமீட்டர் போற பாதை. உங்க இடத்துல 15 வெச்சா 40 மீட்டருக்கு ஒண்ணு வரும். மூச்சு அடங்கறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும், பின்னால க்யூ சேரும். 10 போதும். 60 மீட்டர் இடைவெளி, சாதாரண நடைக்கு முக்கால் நிமிஷம். அந்த நடைதான் ஓய்வு. தெம்பு இருக்கிறவங்க ரெண்டாவது சுத்து போகட்டும்.

வரிசையிலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. முதல் ரெண்டுக்கும் பலகை மட்டும் போதும்: தோள் சுத்துறது, முட்டி தூக்குறது. மூணாவது பேலன்ஸ் கட்டை, 20 சென்டிமீட்டர் உயரம், 10 அகலம். இதைக் கடைசியில வெச்சா, தளர்ந்த காலோட ஏறி கணுக்கால் பிசகிடும். அப்புறம் படி ஏறி இறங்குறது, சாய்வு தண்டால், பெஞ்சுல உக்காந்து எழறது, தாழ்வான கம்பியைப் பிடிச்சு சாய்ஞ்சு இழுக்கிறது, பெஞ்சுல படுத்து கால் தூக்குறது, தொங்குற கம்பி, பத்தாவதா தசை தளர்த்துறது. ஒரு நிறுத்தத்துல கைக்கு வேலைன்னா அடுத்ததுல கைக்கு ஓய்வு.

தரையில கை ஊன்ற பயிற்சி வேணாம். சேலை, சுடிதார்ல வர்றவங்க மண்ணுல படுக்கவா போறாங்க? தண்டாலுக்கு 30, 60, 90 சென்டிமீட்டர்ல மூணு கம்பி போடுங்க. புதுசா வர்றவங்க 90-ல ஆரம்பிப்பாங்க. தொங்குற கம்பிக்கு 1.9, 2.1, 2.3 மீட்டர். அஞ்சடி இருக்கிறவங்க கை தூக்கினா 1.9 எட்டும். ஆனா அதே கம்பி உயரமான ஆளுக்குத் தலையை ஒட்டின மட்டம், அதனால பாதை ஓரத்துலேர்ந்து ரெண்டு மீட்டராவது உள்ள தள்ளி நடுங்க.

பிடிக்கிற கம்பிக்கு ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசின இரும்புக் குழாய்), தடிமன் கூடின ஹெவி கிளாஸ். வெளி விட்டம் 33.7 மில்லிமீட்டர், கைக்கு அடக்கமா இருக்கும். ஒரு கம்பி 1.2 மீட்டருக்கு மேல நீளம் வேணாம், தொய்ஞ்சிடும். ஓட்டையில நுழைச்சு ஒரே ஒரு போல்ட்டுல நிறுத்தினா, போல்ட் தளர்ந்ததும் தொங்கறவர் கையிலேயே கம்பி சுழலும். வெல்டிங்தான் சரி. ஆனா வெல்டிங் வெச்ச இடத்துல துத்தநாகப் பூச்சு எரிஞ்சு போகும், துரு அங்கேர்ந்துதான் கிளம்பும். பூச்சு இல்லாத கறுப்பு பைப் வாங்கி, முழுசா வெல்டு பண்ணின பிறகு ஹாட் டிப் கால்வனைசிங் (உருகின துத்தநாகத்துல முக்கி எடுக்கிறது) கொடுக்கிறது உத்தமம். பிடிக்கிற இடத்துல எனாமல் பெயிண்ட் அடிக்காதீங்க, வியர்வை பட்டா வழுக்கும். கால்வனைசிங் முடிஞ்சதும் பைப் முனையை மூடி போட்டு அடைங்க, இல்லாட்டி குளவி கூடு கட்டும். சிரிக்காதீங்க, நிஜமாவே கட்டும்.

தூணுக்கு மூணு இஞ்ச் பைப். குழி ஒன்றரை அடி சதுரம், இரண்டரை அடி ஆழம், அடியில ஜல்லி, மேல 1:1½:3 கான்கிரீட் (சிமென்ட், மணல், ஜல்லி). கான்கிரீட்டோட மேல்மட்டத்தை நிறைய பேர் தரையோட சமமா விட்டுடறாங்க. தண்ணி தேங்கி, தூண் மண்ணைத் தொடற இடத்துலயே அரிச்சிடும். ரெண்டு இஞ்ச் உயர்த்தி, வெளிப்பக்கம் சரிவு வெச்சுப் பூசுங்க.

தொங்குற கம்பிக்குக் கீழ 30 சென்டிமீட்டர் மணல் போட்டு வாரம் ஒரு தடவை கிளறணும், கெட்டியாயிட்டா தரைக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்லை. நிழல்ல வைங்க, சித்திரை வெயில்ல காய்ஞ்ச கம்பியை யாரும் தொட மாட்டாங்க. ஆனா தென்னை மரத்தடி வேணாம்.

பலகை கண் மட்டத்துல இருக்கட்டும். ஆரம்ப நிலைக்கு ஒரு படம், முடிவு நிலைக்கு ஒண்ணு, பக்கத்துல 5, 10, 15 தடவைன்னு மூணு நிலை. க்யூஆர் கோடு மட்டும் ஒட்டினா போன் எடுக்காம வந்தவங்க அப்படியே தாண்டிப் போயிடுவாங்க.

இன்னொண்ணு, கான்கிரீட் போட்ட மறுநாள் காலையிலயே ஒருத்தர் வந்து தொங்குவார். ஏழு நாள் தண்ணி ஊத்துற வரைக்கும் கம்பியில சாக்கு சுத்திக் கயிறு கட்டி வைங்க.