நீரில் கரையாத மை: தாளில் ஒரு சோதனை, பேனாவில் ஒரு சோதனை

வணக்கம், நேயர்களே.

ஏற்காட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து இங்க் பேனாவால் படகுத்துறையை வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோடு முடிந்ததும் அதன்மேல் வாட்டர்கலர் பூச வேண்டும். தூரிகை பட்ட இடத்தில் கோடு கலங்கி நீலமாக ஓடினால், அரை நாள் உழைப்பு போயிற்று. படம் மட்டுமல்ல. ஆய்வக நோட்டு, வரவு செலவுக் கணக்கு, கையால் எழுதி வைத்த குடும்பக் குறிப்பு எல்லாவற்றுக்கும் இதே ஆபத்துதான். மழைக்காலத்தில் ஓட்டு இடுக்கு வழியாக நாலு சொட்டு விழுந்தால் போதும். அதனால்தான் தண்ணீருக்கு அசையாத மையைத் தேடுகிறோம். கடையிலும் 'வாட்டர்ப்ரூஃப்' என்று அச்சிட்ட சீசா கிடைக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி அப்படியே பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அது தாளில் மை எப்படி நிற்கும் என்பதைப் பற்றிய சொல். பேனாவுக்குள் அது என்ன செய்யும் என்பது வேறு கேள்வி.

நாம் பள்ளியில் எழுதிய ராயல் ப்ளூ, சாய மை. சர்க்கரை கரைவதுபோல் சாயம் தண்ணீரில் கரைந்திருக்கிறது. காய்ந்த பிறகும் தண்ணீர் கண்டால் மறுபடி கரைந்துவிடும். நிறமி மை அப்படியல்ல. அதில் நிறமித் துகள் கரைவதே இல்லை, மிதக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் ஒரு துகள். தண்ணீர் வற்றியதும் துகள்கள் தாளின் நாருக்கிடையில் சிக்கி ஒட்டிக்கொள்கின்றன. பிறகு எத்தனை முறை நனைத்தாலும் கரைய அங்கே எதுவும் இல்லை. பேனாவுக்கென்றே இப்படிச் செய்த மைகளில் பெயர் பெற்றவை ஜப்பானின் பிளாட்டினம் கார்பன், செய்லர் கிவாகுரோ. ஜெர்மனியின் டி அத்ராமென்டிஸ் டாக்குமென்ட் வகை, ரோரர் கிளிங்னர் ஸ்கெட்ச்இங்க் வகை. முதல் இரண்டும் கரியை நிறமியாகக் கொண்ட கறுப்பு.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, ஓவியக் கடையில் கிடைக்கும் இந்தியன் இங்க். அதிலும் கரிதான் இருக்கிறது. ஆனால் பிடிமானத்துக்கு அரக்கு போன்ற பசை சேர்த்திருப்பார்கள். தொட்டு எழுதும் நிப்புக்கும் தூரிகைக்கும் அது அருமையான மை. இங்க் பேனாவில் ஊற்றினால், நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் கட்டையின் நுண்ணிய வெட்டுகளில் அந்த அரக்கு காய்ந்து இறுகிவிடும். தண்ணீரில் அது கரையாது, பேனாவை மீட்பதும் கடினம். சீசாவில் 'இங்க் பேனாவுக்கு ஏற்றது' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊற்ற வேண்டாம்.

நம் ஊர் கடுக்காய் மையையும் சொல்லியாக வேண்டும். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதி என்னும் உப்பின் இரும்பும் சேர்ந்து தாளில் கறுக்கும் மை அது. காற்றுப் பட்ட பிறகுதான் முழுக் கறுப்பு வரும் என்பதால், எழுதி ஒரு நாள் கழித்துத்தான் அதைச் சோதிக்க வேண்டும். தண்ணீருக்கு நன்றாக நிற்கும். ஆனால் புளிப்புத் தன்மை உள்ளது. இரும்பு நிப்பை அரிக்கும். வீட்டில் காய்ச்சிய கடுக்காய் மையில் வண்டலும் இருக்கும். தொட்டு எழுதும் பேனாவோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி தாள் சோதனை. மை ஒவ்வொன்றுக்கும் 15 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலத்தில் துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் உண்மையிலேயே பயன்படுத்தப் போகும் தாளில்தான் வெட்ட வேண்டும். ஜெராக்ஸ் தாளில் அசையாமல் நிற்கும் மை, வழவழப்பான அழைப்பிதழ் அட்டையில் விரலோடு வந்துவிடும். ஜெராக்ஸ் தாள் மையை உறிஞ்சும். வழவழப்பு அட்டை உறிஞ்சாது. நார் இல்லாத இடத்தில் துகள் சிக்குவது எங்கே?

துண்டில் மூன்று இடம் ஒதுக்குங்கள். மேலே மெல்லிய கோடுகளும், 'சேலம்' என்று மூன்று முறையும். நடுவில் 2 சென்டிமீட்டர் சதுரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமான கோடுகள். கீழே காது குடையும் பஞ்சுக் குச்சியால் அப்பிய தடித்த திட்டு. இந்தத் திட்டுதான் மையைக் காட்டிக்கொடுக்கும் இடம். நார் பிடிக்கக்கூடிய அளவுக்கு மேல் மை விழுந்தால், மிச்சத் துகள் மேலே சும்மா கிடக்கும். கோட்டில் பிழை தெரியாத மை திட்டில் மாட்டிக்கொள்ளும். ஒரு துண்டில் மட்டும் சாதாரண ராயல் ப்ளூவைப் போடுங்கள். அது கலைந்தால்தான் உங்கள் தண்ணீர் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று பொருள்.

அடுத்து நேரம். ஒரே மையில் நான்கு துண்டு: எழுதி 1 நிமிடத்தில் நனைப்பது, 10 நிமிடத்தில், 1 மணி நேரத்தில், 24 மணி நேரத்தில். துண்டின் பின்பக்கம் பென்சிலால் மையின் பெயர், தாள், தேதி, நேரம் எழுதுங்கள். படம் வரைபவருக்கு 10 நிமிடக் கணக்கு முக்கியம். கணக்கு எழுதுபவருக்கு 24 மணி நேரக் கணக்கு. ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கும் நேரத்தில் தாளே ஈரம் குடித்திருக்கும். சேலத்தில் ஏப்ரல் வெயிலில் 10 நிமிடத்தில் தேறிய மை, அங்கே கூடுதல் நேரம் கேட்கும். மலையில் வரையப் போகிறவர்கள் மலையிலேயே ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது.

நனைப்பது நான்கு விதம். முதலில் ஃபில்லரால் ஒரு சொட்டு விட்டு, 1 நிமிடம் கழித்து வெள்ளை டிஷ்யூவால் ஒற்றி எடுப்பது, தேய்க்கக் கூடாது. இரண்டாவது, ஈரத் தூரிகையால் கோட்டின் மேல் பத்து முறை போய் வருவது. மூன்றாவது, டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைப்பது. நான்காவது, ஈரத்தோடு விரலால் தேய்ப்பது.

பார்க்க வேண்டியது தாளையும் டிஷ்யூவையும். சொட்டைச் சுற்றி நீலமோ ஊதாவோ வளையமாகப் பரவி, கோடு வெளுத்திருந்தால் அது சாய மைதான். வளையம் பரவியும் நடுக்கோடு கருகருவென்று நிற்கிறதா? நிறமியோடு சாயமும் கலந்த மையாக இருக்கலாம். அல்லது தாளின் நாரோடு பிணையும் வகைச் சாய மையாக இருக்கலாம். அதில் நாரைப் பிடிக்காமல் மிஞ்சிய சாயம் மட்டும் ஓடும். ஒற்றும்போது சுத்தமாக இருந்து, தேய்த்தபோது மட்டும் சாம்பல் நிறம் படிந்தால் மை நல்ல மைதான், தாள் போதவில்லை. எழுத்துக்கு இதைப் பொறுத்துக்கொள்ளலாம். வெளிர் மஞ்சள் வானம் பூசப் போகும் படத்துக்கு அந்தச் சாம்பல் மொத்த வானத்தையும் அழுக்காக்கிவிடும்.

வெயில் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஒரு துண்டின் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் சன்னலில் 4 வாரம் ஒட்டி வையுங்கள். கரி நிறமிக்கு வெயிலால் ஒன்றும் ஆகாது. வண்ண நிறமிகளில்தான் ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியும். தண்ணீருக்கு நிற்கும் மை வெயிலுக்கும் நிற்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டும் தனித்தனிக் குணங்கள்.

தாளில் தேறிய மையை இப்போது பேனாவில் பார்க்க வேண்டும். பலர் செய்யாமல் விடுவது இதைத்தான், பேனா போவதும் இதில்தான். தாளில் காய்ந்ததும் கரையாமல் நிற்கும் அதே குணம் பேனாவுக்குள்ளும் வேலை செய்யும். கட்டையில் காய்ந்தால் அங்கேயும் கரையாது. ஆகவே முதலில் விலை குறைந்த பேனா, முடிந்தால் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் உடல் கொண்டது. மூடிக்குள் இன்னொரு உள்மூடி இருந்து நிப்பை இறுக்கமாக அடைத்தால் நல்லது. நிப்பையும் கட்டையையும் விரலால் பிடித்து இழுத்துக் கழற்ற முடிந்தால் இன்னும் நல்லது. கையால் கடைந்த நம் நாட்டு எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்கள் பலவற்றில் அப்படிக் கழற்றலாம்; கழுவுவது எளிது.

சீசாவைக் குலுக்காமல் ஊற்றாதீர்கள். நின்ற சீசாவில் துகள் அடியில் படியும். மேலே மை வெளிறியிருக்கும். நுரை எழாமல் பத்து முறை தலைகீழாகத் திருப்பினால் போதும். அதன்பிறகும் அடியில் கட்டியோ மணலோ தென்பட்டால் அந்த மையை பேனாவுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

ஊற்றிய பிறகு, மூடியைத் திறந்தபடி பேனாவைக் கிடத்தி 1, 2, 5, 10 நிமிடம் கழித்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சேலம் கோடையில் மின்விசிறிக்கு அடியில் இதைச் செய்தால் உண்மை நிலை தெரியும். பிறகு மூடிவைத்து 1, 3, 7, 14 நாள் கழித்து. எத்தனையாவது இழுப்பில் மை வருகிறது என்று எழுதி வையுங்கள். நாளுக்கு நாள் கோடு மெலிந்தால் கட்டையின் வெட்டுகள் அடைபடுகின்றன. கோடு கறுத்துத் தடித்தால் மூடி வழியாகத் தண்ணீர் ஆவியாகி மை கெட்டிப்படுகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: கொட்டிவிட்டுக் கழுவுவது. தினமும் எழுதுகிற பேனா என்றாலும் மாதம் ஒருமுறை கழுவுங்கள். இரண்டு வாரம் தொடப்போவதில்லை என்றால் காலி செய்துவிட்டு வையுங்கள்.

கழுவும் தண்ணீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையே வெள்ளைக்கல் வெட்டியெடுக்கும் சுரங்கங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்கல் என்பது மக்னீசியத் தாது. இப்படிப்பட்ட பாறையினூடே ஊறி வரும் போர்வெல் தண்ணீரைத்தான் நாம் உப்புத் தண்ணீர் என்கிறோம். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதப்பதற்குக் காரணம், அவற்றின் மேல் இருக்கும் மின்னேற்றம். மக்னீசியமும் கால்சியமும் அந்த ஏற்றத்தைக் குலைத்துவிடும். பால் திரிவதுபோல் மை திரியும். இரண்டு சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில், ஒன்றில் 10 மில்லி உப்புத் தண்ணீர், ஒன்றில் 10 மில்லி டிஸ்டில்டு வாட்டர் எடுத்து, இரண்டிலும் 2 சொட்டு நிறமி மை விட்டு ஒரு நாள் அசையாமல் வையுங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் மையைத் திரிக்குமானால், அந்தக் கிண்ணத்தின் அடியில் பஞ்சு பஞ்சாக இறங்கியிருக்கும். பேனாவுக்குள் நடப்பதும் அதுதான்.

எனவே முதல் அலசலுக்கும் கடைசி அலசலுக்கும் டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்கு ஊற்றுவதற்காகக் கடையில் விற்கும் அதே தண்ணீர்தான். பேட்டரி ஆசிட் புட்டியை எடுத்துவிடாமல் பார்த்து வாங்குங்கள். 200 மில்லி தண்ணீரில் 2 சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் கட்டையின் வெட்டுகளைத் தேய்த்து, பிறகு வெறும் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், எபோனைட் நிறம் மங்கிவிடும். சிலர் அமோனியாக் கரைசல் பயன்படுத்துவார்கள். பிளீச்சிங் திரவம் அருகில் இருக்கும்போது அதை எடுக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

ஒரு கம்பெனி நிறமி மையோடு வேறொரு கம்பெனி மையைக் கலப்பதும் திரிவதற்கு வழி. வகை மாறும்போதும் அப்படித்தான். கலந்தே ஆக வேண்டுமென்றால் 5 சொட்டுக்கு 5 சொட்டு ஒரு சிறு புட்டியில் கலந்து, 7 நாள் வைத்துப் பார்த்த பிறகு பேனாவுக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்று, இந்த ஊர்க்காரர்களுக்கென்றே சொல்ல வேண்டியது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏறுகிறோம். மேலே காற்றழுத்தம் குறைவு. பேனாவுக்குள் அடைபட்ட காற்று ஏழில் ஒரு பங்கு அளவு விரியும். 3 மில்லி பிடிக்கும் ஃபில்லர் பேனாவில் 1 மில்லி மையும் 2 மில்லி காற்றும் இருந்தால், அந்தக் காற்று 0.3 மில்லி மையை, அதாவது ஆறு சொட்டை, மூடிக்குள் தள்ளிவிடும். சாய மையென்றால் சட்டையைத் துவைத்துப் பார்க்கலாம். நிறமி மை பருத்தி நாரையும் தாளின் நாரைப்போலவே பிடித்துக்கொள்ளும்.

ஆகவே மலையேறும் முன் பேனாவைக் கழுத்துவரை நிரப்புங்கள், அல்லது முழுக்கக் காலி செய்யுங்கள். மரையில் சிலிக்கோன் கிரீஸ் மெல்லிதாகத் தடவி இறுக்குங்கள். வழியெல்லாம் நிப்பு மேல்நோக்கியே இருக்கட்டும். அப்போது விரியும் காற்று மையைத் தள்ளாமல் தானே வெளியேறிவிடும். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு டிஷ்யூவைச் சுற்றிப் பிடித்து, நிப்பு மேலே பார்த்தபடி மூடியைத் திறங்கள். கழுத்தில் மை கசிந்திருந்தால் ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள். காயவிட்டால் அந்தக் கறை டிஷ்யூவுக்கு அசையாது.

நன்றி, வணக்கம்.