கட்டர் கத்தும்போது

வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். ஜேக்கப்ஸிலோ ப்ராஸ்பெக்டனிலோ உள்ள தொழிற்சாலைகளில் லேத், மில்லிங் மெஷின் என்று உலோகம் சீவும் இயந்திரம் ஓட்டுகிறவர் யாராவது வீட்டில் இருந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர்களுக்குப் பிடிக்காத ஒரு சத்தத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

நன்றாக வெட்டிக்கொண்டிருக்கும் கட்டர் திடீரென்று அலறும். நிறுத்திப் பார்த்தால் உலோகத்தின் மேல் வரிவரியாகத் தழும்பு. பட்டறையில் இதைச் சாட்டர் என்போம். கட்டர் முனை உடையும், செய்த வேலை வீணாகும். உலோகம் வெட்டுவதைப் பல வருடம் சோதித்துப் பார்த்த அமெரிக்கர் ஃபிரெடரிக் டெய்லரே, இவ்வளவு பிடிபடாத சிக்கல் வேறில்லை என்ற பொருளில் 1907இல் எழுதியிருக்கிறார்.

ஏன் வருகிறது? நம் ஊர் மண்ரோட்டில் பக்கி, அதாவது பிக்கப் வண்டி ஓட்டியவர்களுக்கு எளிதில் புரியும். ஒரு வண்டி துள்ளிக் குதித்த இடத்தில் மேடு விழும். அடுத்த வண்டி அதில் ஏறித் துள்ளி இன்னொரு மேட்டை உண்டாக்கும். கொஞ்ச நாளில் ரோடு முழுக்க மடிப்பு. கட்டரிலும் இதே கதைதான். கட்டரின் ஒரு பல் லேசாக ஆடிக்கொண்டே வெட்டி, உலோகத்தில் அலையை விட்டுப் போகிறது. அடுத்த பல் அந்த அலைமேல் வரும்போது ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் சீவுகிறது. விசை ஏறி இறங்குகிறது, அதுவே ஆட்டத்துக்குத் தீனி. செக் நாட்டுத் துலுஸ்தியும் இங்கிலாந்தில் தோபியாஸும் 1950களில் இதைக் கணக்காக்கிக் காட்டினார்கள்.

நான் அப்ரண்டிஸாக இருந்த பட்டறையில் சர்க்கரை ஆலை வேலைதான் அதிகம். அங்கே ஒரு பெரியவர், எங்கள் எல்லோருக்கும் தாத்தா. ஒருநாள் பக்கத்து லேத்தில் ஒரு பையன், பார் என்கிற நீளமான தண்டின் முனையில் கட்டரை மாட்டி, பேரிங் உட்காரும் கூட்டில் துளையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான். ஒரே அலறல். வேகத்தைக் குறைக்கிறான், இன்னும் குறைக்கிறான், சத்தம் மாறுகிறதே தவிர நிற்கவில்லை. தாத்தா டீயை வைத்துவிட்டு வந்தார்.

“துளை எவ்வளவு ஆழம்டா?”

“அறுபது மில்லி, தாத்தா.”

“அப்புறம் எதுக்கு பாரை நூறு மில்லி நீட்டி வச்சிருக்கே?”

வேகத்தைத் தொடவே இல்லை. எழுபதுக்கு உள்ளே தள்ளி இறுக்கினார். சத்தம் நின்றது. அவர் டீ ஆறுவதற்குள் திரும்பிப் போய்விட்டார்!

கணக்கு என்னவென்றால், அதே விசைக்கு பார் வளைகிற அளவு அதன் நீளத்தின் மும்மடியாக, அதாவது நீளம் × நீளம் × நீளம் என்ற கணக்கில் கூடும். நூறை எழுபதாக்கினால் வளைவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். விட்டமோ நான்மடி: 16 மில்லி பாருக்குப் பதில் 20 மில்லி போட்டால் விறைப்பு இரண்டரை மடங்கு. சாதாரண எஃகு பாரை விட்டத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் நீட்டினால் வம்புதான். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: முதலில் நீட்டத்தைக் குறையுங்கள், வேகமெல்லாம் அப்புறம்.

சரி, வேகத்துக்கு வருவோம். சாட்டர் என்றால் எல்லோருடைய கையும் வேகத்தைக் குறைக்கத்தான் போகும். சில சமயம் கூட்ட வேண்டும். அலறல் 600 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 600 அதிர்வு என்று போனில் உள்ள செயலி காட்டுகிறது, கட்டருக்கு நான்கு பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600ஐ 60ஆல் பெருக்கி நான்கால் வகுத்தால் நிமிடத்துக்கு 9000 சுற்று. அதில் பாதி 4500, மூன்றில் ஒன்று 3000. இந்த வேகங்களில் அடுத்த பல் பழைய அலையோடு ஒத்துப்போவதால் சீவல் ஒரே தடிமனாக வரும். 2700இல் கத்தினால் 3000க்கு ஏற்றிப் பாருங்கள், கட்டர் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். சுவர் மெல்லியதாக உள்ள உலோகத் துண்டுகளை வெட்டுவது பற்றியும் பேச நினைத்திருந்தேன், நேரமில்லை. ஒன்று மட்டும்: பற்களின் இடைவெளி சமமில்லாத கட்டர் கடையில் கிடைக்கும், அதில் அலைகள் அவ்வளவு சுலபமாகச் சேர்ந்துகொள்ளாது. விலை கொஞ்சம் கூட, ஆனால் வாங்கலாம். வணக்கம்.